ஒரே தாளில் இரண்டு பெயர்கள்

அத்தியாயம் பதினொன்று

ஆறு வாரமாகியும் கிளெமென்ற் மகளிடம் வாய் திறக்கவில்லை.

சொல்ல வேண்டியது நீளமான சங்கதியுமல்ல. வெள்ளவத்தையில் பாலேஸ்வரி என்று ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கலியாணம் செய்ய விரும்புகிறேன். அவ்வளவுதான். இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் கப்பலேறி, கொண்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியவர் அவர். மழையில், ஆடுகிற கப்பலில், நாலு மாடி உயரத்தில் நின்று வேலை செய்தவர். தோள் போனபின்தான் சாமான் அறைக்கு மாற்றினார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு இந்த ஒரு வசனத்துக்குத் தைரியம் போதவில்லை.

பாலேஸ்வரி கேட்டதும் அந்த ஒன்றைத்தான்.

"உங்கட மகளுக்குச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை ஓமெண்டால் நானும் ஓம். சொல்லாமல் இனி இந்தப் படியேற வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தோளில் ஒப்பரேஷன். அதற்கு முன் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

இன்று ஞாயிறு. செலீன் இறந்து மூன்று வருடம். கொட்டாஞ்சேனைக் கோயிலில் காலை ஏழு மணிப் பூசை அவளுக்காக. பூசை முடிந்து, வீட்டில் சாப்பாடு முடிந்து, உறவுக்காரர்கள் போனபின் மகள் சாமினியை இருத்திச் சொல்வது என்று கிளெமென்ற் முடிவு செய்திருந்தார். பெண்சாதியின் நினைவு நாளில் சொல்கிற கதையா இது என்று மனம் கேட்டது. வேறு எந்த நாளிலும் நீ சொல்லவில்லையே என்றும் அதே மனம் கேட்டது.

பங்குச் சுவாமி பீடத்துக்கு வந்து, கண்ணாடியைச் சரிசெய்து, கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார்.

"இன்றைய திருப்பலி, காலஞ்சென்ற செலீன், பாலேஸ்வரி ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. ஒப்புக்கொடுப்பவர்கள், கணவர் கிளெமென்ற், மகள் சாமினி."

கிளெமென்றின் காது அடைத்துக்கொண்டது.

"ஆரு டடி பாலேஸ்வரி?" என்றாள் சாமினி மெல்ல.

"பிறகு சொல்றன்."

"எங்கட சொந்தத்தில செத்தவவா?"

"சாகல்ல."

"சாகல்லயா?"

"உயிரோடதான் இருக்கிறா. பூசையப் பார் மகள்."

முன் வரிசையில் வெள்ளை லேஸ் முக்காடு ஒன்று மெதுவாகப் பின்னால் திரும்பியது. யூஜினா, செலீனின் அக்கா. அவளுக்கு அறுபத்தைந்து வயது, காது மட்டும் இருபது.

பிழை கிளெமென்றுடையதுதான். புதன்கிழமை கோயில் அலுவலகத்தில் பூசைக்கு எழுதிக் கொடுக்கப் போனார். தாளில் இரண்டு பெட்டி அச்சடித்திருக்கும். ஒன்று இறந்தவர்களுக்கு, மற்றது உயிரோடிருப்பவர்களின் நலனுக்கு. இறந்தவர்களின் பெட்டியில் சரியடையாளம் போட்டு செலீன் என்று எழுதினார். அதற்குக் கீழே பாலேஸ்வரி என்று எழுதினார். ஒப்பரேஷன் நல்லபடி முடியவேண்டும் என்று பக்கத்தில் எழுதப் பேனாவை வைத்தபோது, பின்னால் யூஜினாவின் குரல் கேட்டது. "என்ன கிளெமென்ற், எங்கட தங்கச்சிக்கா எழுதிறீங்க?" தாளை அப்படியே நாலாக மடித்து மேசையிலிருந்த தகரப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

அந்தப் பயம் இப்போது ஒலிபெருக்கியில் வந்துவிட்டது. நானூறு சனம் ஒரே குரலில், உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டது. கிளெமென்ற் முழங்காலில் நின்றபடி, தானும் சேர்ந்து சொல்வதா விடுவதா என்று தெரியாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

*

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மஞ்சள் சோறு, கோழிக்கறி. யூஜினா முதல் கவளத்தை விழுங்கிய பிறகுதான் ஆரம்பித்தாள்.

"கிளெமென்ற், நாப்பது வருசமா அந்தக் கோயில்ல பூசை பாக்கிறன். ரெண்டு பொம்பிளைக்கும் ஒரே புருசனெண்டு சுவாமி வாசிச்சது இண்டைக்குத்தான்."

யாரோ சாப்பாட்டுக் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு சிரித்தார்கள்.

"அது எழுதினதில ஒரு பிழை அக்கா."

"பேரப் பார்த்தா வேதக்காரியாவும் தெரியல்ல."

"இல்ல. சைவம்."

"ஓ. எந்தப் பக்கம்?"

"யாழ்ப்பாணம். இப்ப வெள்ளவத்தை."

"அப்ப தூரமெண்டு இல்ல" என்றாள் யூஜினா. "ரெண்டு பஸ்தான்."

சாமினி எழுந்து பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அதில் பாதிச் சோறு இன்னும் இருந்தது.

கிளெமென்ற் பின்னால் போனார். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கழுவுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள், திரும்பாமலே.

சொன்னார். ஆறு வாரம் சுமந்த வசனம் நாலு விநாடியில் முடிந்துபோனது.

"எவ்வளவு நாளா?"

"தோள் வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில பயிற்சிக்குப் போனனே, அங்க. ஒண்டரை வருசம் வரும்."

"ஒண்டரை வருசம்." அவள் குழாயை மூடினாள். "ரெனால்ட் கலியாணத்துக்கு எத்தன தரம் கேட்டான் தெரியுமா டடி? இரத்மலானையில வீடும் பார்த்தான். டடி தனிய, டடி தனிய எண்டு சொல்லி அவன நான் நிப்பாட்டி வச்சிருந்தன். ஜனவரிக்குப் பிறகு அவன் கேக்கிறதையும் விட்டுட்டான், எனக்குப் போன் எடுக்கிறதையும் விட்டுட்டான். நான் ஆருக்காக நிண்டன்?"

"நான் உன்ன நிக்கச் சொல்லல்லையே மகள்."

சொன்னவுடனேயே அது எப்படிப்பட்ட பேச்சென்று அவருக்குத் தெரிந்தது.

"இல்ல" என்றாள் சாமினி. "நீங்க ஒண்டும் சொல்லல்ல. ஒண்டுமே சொல்லல்ல."

கையைச் சட்டையில் துடைத்தாள்.

"அட்ரஸ் தாங்க."

"இப்பவா? பொறு, நானும் வாறன்."

"நீங்க வந்தா நீங்கதான் கதைப்பீங்க. கதைக்கவேண்டிய நேரம் கதைக்கல்ல. இப்ப வீட்டில இருந்து பெரியம்மாவோட கதைங்க."

*

சாமினி புறக்கோட்டையில் மாறி, காலி வீதி பஸ்ஸில் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமையிலும் நிற்க இடமில்லை. "இஸ்ஸரஹாட்ட யண்ட நங்கி" என்று சிங்களத்தில் முன்னுக்குப் போகச் சொல்லிக் கண்டக்டர் அவளைத் தள்ளிக்கொண்டே இருந்தான். போய் என்ன சொல்வதென்று அவள் யோசித்து வைத்திருந்தாள். மூன்று வசனம். மூன்றும் கெட்ட வசனம்.

கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில், பெரிய தொடர்மாடி ஒன்றின் பின்புறம், கம்பிப் படியேறிப் போனால் ஒரு அறையும் குசினியும். கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்து நீராவி வந்தது.

நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, இடியப்பம் பிழிந்துகொண்டு நின்றாள். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. உரலை இடது கையால் பிடித்து, நெஞ்சால் அமத்தி, முழு உடம்பையும் கொடுத்துப் பிழிந்தாள். அழகென்று சொல்ல முடியாது. சாமினி அழகியொருத்தியை எதிர்பார்த்து வந்திருந்தாள். அதற்குத் தயாராக இருந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"ஆர்?" என்றாள் அவள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "சாமினியோ?"

"ஓம்."

"அப்ப சொல்லிப்போட்டார்."

"அவர் சொல்லல்ல. சுவாமி சொன்னார்."

பாலேஸ்வரிக்கு விளங்கவில்லை. சாமினி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். தாள், இரண்டு பெயர், ஒலிபெருக்கி. சொல்லும்போது அவமானப்படுத்தவேண்டும் என்றுதான் சொன்னாள்.

"என்னைச் செத்தவையோட வாசிச்சவையோ?"

"ஓம்."

"சனம் கனக்கவோ?"

"நானூறு பேர் இருக்கும். எல்லாரும் சேந்து உங்களுக்கு இளைப்பாற்றி கேட்டாங்க."

பாலேஸ்வரி உரலை வைத்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சாமினி நினைத்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், நோகிற தோளை மறு கையால் பிடித்துக்கொண்டு.

"எனக்கு ஆறுதல் வேணுமெண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை பிள்ளை. நானூறு பேரோ? இருங்கோ. அஞ்சு மணிக்குக் கடைக்காரன் வருவான், கோவிக்காதேங்கோ, பிழிஞ்சுகொண்டு கதைக்கிறன்."

"நான் பிழியவா?"

கேட்டபின்தான் ஏன் கேட்டேன் என்று சாமினி யோசித்தாள்.

"வேண்டாம். வட்டம் குழம்பினால் கடையில எடுக்கமாட்டினம்."

சாமினி முக்காலியில் இருந்தாள். அப்போதுதான் யன்னலைப் பார்த்தாள். கம்பியில் ஒரு சின்னக் கப்பி, அதில் நீல நைலோன் கயிறு, இரண்டு நுனியிலும் மரப்பிடி. கொட்டாஞ்சேனை வீட்டுச் சமையலறைக் கதவு நிலையிலும் இதே கப்பி, இதே கயிறு, கப்பலில் போடுகிற இதே முடிச்சு. விடிய ஆறு மணிக்கு டடி தோள் பயிற்சிக்காக அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். இவ்வளவு சத்தமாக எண்ணத்தான் வேண்டுமா என்று எத்தனையோ நாள் போர்வைக்குள் இருந்து திட்டியிருக்கிறாள். அப்போது அவர் சட்டைப் பையில் போன் எப்போதும் இருக்கும்.

"காலமை ஆறு மணிக்கு" என்றாள். "நீங்களும் எண்ணுவீங்களா?"

பாலேஸ்வரியின் கை நின்றது.

"அவர் எண்ணுவார். நான் இழுப்பன். முப்பது மட்டும். பிறகு வைச்சிடுவம்."

"வேற ஒண்டும் கதைக்கிறதில்லயா?"

"என்னத்தைக் கதைக்கிறது? ஆறரைக்குக் கடைக்குக் குடுக்கவேணும்." உரலில் மாவை நிரப்பிக்கொண்டு சொன்னாள். "சில நாளைக்கு இருபத்தெட்டில நிண்டிட்டு, பிழைச்சுப்போச்சு, முதலில இருந்து எண்டுவார். எனக்குத் தெரியும் பிழைக்கேல்லை எண்டு. நானும் திரும்ப இழுப்பன்."

சாமினி கீழே பார்த்தாள். கொண்டுவந்த மூன்று வசனத்தில் ஒன்றும் இப்போது வாயில் நிற்கவில்லை.

"மம்மியப் பத்தி உங்களிட்ட கதைச்சிருக்கிறாரா?"

"முதல் ஆறு மாசம் அது மட்டும்தான் கதை. கடைசி நாளில அவவைத் தூக்கிக் கிடத்த தன்ர தோள் ஏலாமப் போச்சுதாம். மகள்தான் தனியத் தூக்கினவள், நான் கதவடியில நிண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான் எண்டு சொல்லி, அந்த ஆஸ்பத்திரி வாங்கில குந்தியிருந்து அழுதவர். பக்கத்தில இருந்த சனமெல்லாம் நான் ஏதோ ஏசிப்போட்டன் எண்டு என்னைப் பார்த்தது."

செத்த வீட்டில்கூட டடி அழுததைச் சாமினி கண்டதில்லை. அந்த அழுகை தனக்கு வரவேண்டியது என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அழாமல் காத்து, கடைசியில் அவர் அதை வெள்ளவத்தைக்காரி ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறார்.

"எனக்குச் சொல்லச் சொல்லி ஏன் கேட்டீங்க?" என்றாள். "இப்பிடியே இருந்திருக்கலாமே."

பாலேஸ்வரி தட்டுக்களை அடுக்கி அவியப் போட்டாள். மூடியை வைத்தபின் சொன்னாள்.

"என்ர மனுசன் சுவிசில வேற ஒருத்தியோட இருந்தவர். ஊரில எல்லாருக்கும் தெரியும். என்ர தமையனுக்கும் தெரியும். நான் மட்டும் நாலு வருசமா அவற்ர பிறந்தநாளுக்குப் பிள்ளையார் கோயிலில பேர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்துகொண்டிருந்தனான். ஐயருக்கும் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன். பிறகு விவாகரத்துக்குக் கோட்டுக் கடிதம் வந்தது." மாப் பிசைந்த விரல்களை வழித்தாள். "ஒரு வீட்டில எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்டு ஒருத்தருக்கு மட்டும் தெரியாமல் இருக்கக்கூடாது பிள்ளை. அந்த ஒருத்தியா நான் இருந்தனான். அந்த இடத்தில உங்களை இருத்திப்போட்டு எனக்கொரு கலியாணம் வேண்டாம்."

"நான் இல்ல எண்டு சொன்னா?"

"இல்லையெண்டால் இல்லைதான்."

"கவலைப்படமாட்டீங்களா?"

"படுவன்." அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சரியாப் படுவன். காலமை ஆறு மணிக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாது."

வெளியே ரயில் ஒன்று கடல் பக்கமாக இரைந்துகொண்டு போனது.

"செவ்வாக்கிழம ஒப்பரேஷன் எண்டு டடி சொன்னார். பிறகு எவ்வளவு நாள் பிழிய ஏலாது?"

"மூண்டு மாசமெண்டு டொக்டர் சொல்றார்."

"எங்க நிப்பீங்க?"

"இஞ்சதான்."

"தலை வாரி இழுக்க, சாப்பாடு, உடுப்பு, அதெல்லாம் ஆரு?"

பாலேஸ்வரி முதல் தட்டை இறக்கி, நாலு இடியப்பத்தைக் கோப்பையில் வைத்து, சம்பலும் சொதியும் விட்டுச் சாமினியின் மடிக்கு நீட்டினாள்.

சாமினி சாப்பிட்டாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

*

அவள் திரும்பி வந்தபோது பின்னேரம் ஆறரை. உறவுக்காரர் எல்லாரும் போய்விட்டார்கள். கிளெமென்ற் வாசற்படியில் இருந்தார். காலையில் பூசைக்குப் போட்ட சட்டையைக்கூட மாற்றவில்லை.

"அவ என்ன சொன்னா?"

"அவ சொன்னது எனக்கு. உங்களுக்குச் சொல்லமாட்டன்."

"சரி." எழுந்து வழிவிட்டார். "நீ என்ன சொன்ன?"

"ஒண்டும் சொல்லல்ல. சாப்பிட்டன், வந்தன்." அவள் படியில் ஏறாமல் நின்றாள். "செவ்வாக்கிழம நீங்க வேலைக்குப் போங்க. ஆஸ்பத்திரிக்கு நான் போறன்."

"நீயா?"

"பொம்பிளை வார்ட்டில நீங்க என்னத்தச் செய்யப்போறீங்க? கதவடியில நிப்பீங்க."

கிளெமென்ற் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று அவருக்குத் தெரியும். சாமினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. திரும்ப எடுக்கவும் முடியாது.

"எனக்கு ஏலாமப் போச்சு மகள் அண்டைக்கு" என்றார்.

"தெரியும் டடி. எனக்கு அப்பவே தெரியும்." குரலைச் சரிசெய்தாள். "இஞ்ச பாருங்க. மம்மிட அறையத் தர ஏலாது. அத மட்டும் கேக்கவேணாம்."

"கேக்கமாட்டன்."

"என்ட அறையில கட்டில் இருக்கு. ஆஸ்பத்திரியால அங்க கூட்டிக்கொண்டு வருவம். மூண்டு மாசத்துக்குத் தனிய இருக்க அவக்கு ஏலாது. தலை இழுக்கவும் கை தூக்காது."

கிளெமென்ற் பக்கத்து வீட்டுப் பக்கம் ஒருக்கால் பார்த்தார்.

"கலியாணத்துக்கு முந்தியா? யூஜினா அக்கா ஊரெல்லாம் சொல்லுவா."

"சொல்லட்டும். இண்டைக்குக் கோயிலே சொல்லிட்டுது, இனி அவக்குச் சொல்ல என்ன மிச்சம்? நான் வீட்டில இருக்கக்குள்ள ஆரு என்ன கதைக்கிற?"

"அப்ப நீ எங்க படுப்ப?"

"ஹோல்ல. கொஞ்ச நாளைக்குத்தானே."

"கொஞ்ச நாளைக்கா?"

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். ஜனவரிக்குப் பிறகு ரெனால்டின் பெயரை அவள் அழுத்தவில்லை. பட்டியலில் அது கீழே, எங்கேயோ அடியில் கிடந்தது. தேடி எடுக்க வேண்டியிருந்தது.

மணி அடித்தது. தகப்பன் உள்ளே போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு தடவை, ஏழு தடவை. தானாக நின்றது.

"வேலையில இருப்பான்" என்றார் கிளெமென்ற்.

"ஞாயிற்றுக்கிழமையா?"

"ஓவர்டைம் இருக்கும் மகள். தொழிற்சாலையில அப்பிடித்தான்."

அவள் இன்னொரு தடவை அழுத்தினாள். இந்த முறை மூன்றாம் மணியில் எடுபட்டது. தூரத்தில் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"ரெனால்ட்" என்றாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் இருந்தது.

"நான், சாமினி கதைக்கிறன்" என்றாள், புதிதாக யாருக்கோ தன்னைச் சொல்வதுபோல.